மோர்மன் நூலும் விவிலியமும்

மோர்மன் நூல் விவிலியத்தோடு முரண்படுகின்றதா என்பதே வழமையாக எழுப்பப்படும் வினா. எமக்கோ, அது அளவுக்கு மீறி உடன்படுவதே ஆராயத்தக்கதாகத் தோன்றுகின்றது. 1830இல் ஜோசப் சிமித் வெளியிட்ட அந்நூலில், ஏசாயாவின் 2 முதல் 14 வரையான அதிகாரங்கள் சிற்சில வேறுபாடுகளுடன் அப்படியே இடம்பெறுகின்றன; நடையோ 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பினது. மலைப்பிரசங்கமும் அவ்வாறே வருகின்றது. அதிலுள்ள ஆண்டவர் செபத்தின் ஈற்றுப் புகழுரை மத்தேயுவின் மிகத் தொன்மையான கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. பிற்காலப் பிரதிகளின் வழியே 1611 மொழிபெயர்ப்பிற் புகுந்தது. பண்டை அமெரிக்காவிற் பொறிக்கப்பட்டனவாகக் கூறப்படும் பொற்றகடுகளில் அஃது ஏறியவாறு எங்ஙனம்? அங்கு தோன்றிய இயேசு தாமே அதனையும் உரைத்தார் என விசுவாசிகள் விடை கூறலாம். அவ்விடை 1611இன் சொல்லமைப்பு அங்கு காணப்படுவதை விளக்காது.

நம்பிக்கையின் நிலை வேறு. விவிலியத்தை விட்டுப் பெரிதும் விலகுவன, நூலுக்குப் பின்னெழுந்த போதனைகளே. கடவுள் ஒருகால் மனிதராயிருந்தார் என 1844இல் சிமித் போதித்தார்; கடவுள் மாறாதவர் என்றே மோர்மன் நூல் கூறும். பலதார மணத்தையும் அந்நூல், ஒரு விலக்குக்கு மாத்திரம் இடம்வைத்து, கண்டிக்கின்றது. 1843இல் எழுத்திற் பதிக்கப்பெற்ற வெளிப்பாடோ அதனை அனுமதித்தது; 1890இல் திருச்சபைத் தலைவர் அதனை நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்தது.