சராஸ்ட்ரோ கோயிலின் கறுப்பு வேலையாள்

மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவைப் பற்றிப் பேசுகிறவங்க எல்லாரும், வெளிச்சம் இருட்டை ஜெயிக்கிற கதைன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க. அறிவொளிக் காலத்தின் சிந்தனை அப்படியே இசையாகிவிட்டது என்பது ஐரோப்பிய விமர்சனத்தின் பழைய முடிவு. இருக்கட்டும். அந்தக் கோயிலுக்குள்ளே யாருக்கு அடி விழுகிறது என்பதிலிருந்து நான் அதை வாசிக்கிறேன்.

1791 செப்டம்பர் 30இல் வியன்னாவில் அரங்கேறியது. கதை வசனம் சிக்கனேடர். ஞானக் கோயிலின் தலைவர் சராஸ்ட்ரோ; அவரிடம் வேலை செய்கிற கறுப்பன் மொனோஸ்டாடோஸ். முதல் அங்கத்தின் முடிவில் அவனுக்கு உள்ளங்காலில் 77 அடி கொடுக்கச் சொல்கிறார் சராஸ்ட்ரோ. கூட்டம் அவர் நீதியைப் புகழ்ந்து பாடுது. இதே மனிதர்தான் இரண்டாம் அங்கத்தில், இந்த மண்டபத்தில் பழிவாங்கலே கிடையாது என்ற பொருளில் பாடுகிறார். பாட்டு ரொம்ப அழகு, அதையும் சொல்லிடணும்.

மொனோஸ்டாடோஸுக்கும் ஒரு பாட்டு உண்டு. எல்லா உயிருக்கும் காதல் உண்டே, கறுப்பாக இருப்பதால் எனக்கு மட்டும் மறுப்பதா, எனக்கும் இதயம் இல்லையா என்று கேட்கிறான். முழு ஓபராவிலும் சமத்துவத்தை இவ்வளவு நேராகக் கேட்ட குரல் வேறில்லை. ஆனா கேட்கிற இடத்தைப் பாருங்க: தூங்குகிற பெண்ணை அவள் சம்மதமில்லாமல் முத்தமிடப் போகிறபோது. அது குற்றம், அதில் அவனுக்கு வக்காலத்து வாங்க முடியாது. நியாயமான கேள்வியையும் குற்றத்தையும் ஒரே வாயில் வைத்துத் தைத்தது யார் என்பதுதான் என் கேள்வி. அந்தப் பாட்டு தூரத்தில் கேட்பதுபோல மெல்லிசாக ஒலிக்கணும் என்றும் குறிப்பு இருக்கு.

வியன்னாவுக்குக் கறுப்பர் தெரியாமலில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவனாகப் பிடித்து வரப்பட்ட ஆஞ்சலோ சோலிமான், 1783இல் ப்ரீமேசன் சங்கமொன்றில் அங்கத்தினரானார். தலைவர் இக்னாஸ் வான் போர்ன். சராஸ்ட்ரோவுக்கு முன்மாதிரி இவரே என்று பலரும் சொல்வதுண்டு. மொசார்ட்டும் அங்கே வந்து போனவர். சங்கத்தில் சகோதரன், மேடையில் மொனோஸ்டாடோஸ்.

இதனால் அறிவொளியே மோசடி என்று நம்ம பின்நவீனத்துவ நண்பர்கள் சிலர் ஒரே போடாகப் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேரரசர் இரண்டாம் ஜோசப் 1781இல் போட்ட ஆணையால் போஹேமியா, மொராவியாப் பண்ணையடிமைகள் ஊரைவிட்டுப் போகலாம், வேறு தொழில் கத்துக்கலாம், ஆண்டை தடுக்க முடியாமல் கல்யாணம் பண்ணிக்கலாம் என்றானது. கட்டுண்டு கிடந்தவனுக்கு இது சின்ன விஷயமில்ல. ஆனால் பிரபுவின் பிறப்புப் பெருமையை வேலைக்காரன் கிழிக்கிற பொமார்ஷேயின் 'ஃபிகாரோ' நாடகத்தை 1785இல் மேடையேற விடாமல் தடுத்ததும் அவர்தான். மறுவருஷம் அதே கதை, அரசியல் வசனம் கழற்றப்பட்டு, மொசார்ட்டின் ஓபராவாக அவர் அனுமதியோடு வந்தது. சலுகையை மன்னர் கொடுப்பார், கேள்வியை மட்டும் நாம் கேட்கக்கூடாது!

சோலிமான் 1796 நவம்பர் 21இல் இறந்தார். அப்போது ஆட்சியில் இரண்டாம் பிரான்ஸ். கிறிஸ்தவராக, கணவராக, தகப்பனாக வாழ்ந்த மனிதரின் தோலை உரித்து, சட்டத்தில் பொருத்தி, வாழ்நாளில் அவர் உடுத்தாத இறகுகளும் சிப்பி மாலையும் போட்டு, அரண்மனையின் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பில் பாடம் பண்ணிய மிருகங்களோடு நிறுத்தினார்கள். மரியா தெரேசா காலத்தில் அந்தச் சேகரிப்பை ஒழுங்குபடுத்த அழைக்கப்பட்டவர் அதே போர்ன். மகள் ஜோசபின், அப்பாவை அடக்கம் பண்ணணும், கொடுங்க என்று கேட்டார். திருச்சபையும் கேட்டது. கொடுக்கவில்லை. 1848 அக்டோபர் கிளர்ச்சியை ராணுவம் அடக்கியபோது பிடித்த தீயில்தான் அந்தத் தோல் எரிந்தது.