ராக்கி எரிக்சன்: பைத்தியக் கதையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டால்

ராக்கி எரிக்சனைப் பற்றி எங்கே படித்தாலும் ஒரே கதைதான். எல்எஸ்டி போட்டார், மூளை குழம்பியது, பேய் பிசாசு என்று பாட ஆரம்பித்தார். நானும் பல வருடம் இதை நம்பிக்கொண்டுதான் அவரைக் கேட்டேன். சமீபத்தில் எல்லாவற்றையும் வருட வரிசைப்படி திரும்பக் கேட்டபோதுதான் இது எவ்வளவு அரைகுறைக் கதை என்று தெரிந்தது.

1965 கடைசியில் டெக்சாஸின் ஆஸ்டினில் 'தேர்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ்' தொடங்கியபோது அவருக்கு வயது 18. அடுத்த வருடம் 'யூ ஆர் கானா மிஸ் மீ' பில்போர்டில் 55-ஆம் இடம் வரை போனது. கிடார் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஓர் அலறல் வரும். போதையில் கத்துகிறார் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இதை அவர் ஏற்கெனவே 'ஸ்பேட்ஸ்' என்ற குழுவோடு பதிவு செய்திருந்தார். பாடிப் பழகிய பாட்டு, இடம் பார்த்து வைத்த அலறல். போதைத் தத்துவம் பேசியவர் அதிகமும் குழுவின் டாமி ஹால்தான். ஜாடிக்குள் குரல் கொடுத்து அந்தக் கொப்பளிக்கும் சத்தத்தை எழுப்பியவரும் அவரே. எரிக்சன் கொண்டுவந்தது லிட்டில் ரிச்சர்ட் வழி வந்த அசல் ராக் அண்ட் ரோல் தொண்டை.

நோய் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1968-ல் அவருக்கு மனச்சிதைவு என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 1969-ல் ஒரே ஒரு கஞ்சா சிகரெட்டுக்காகக் கைது. பத்து வருடம் வரை சிறை கிடைக்கலாம் என்ற நிலையில், மனநிலையைக் காரணம் காட்டி வாதாடினார்கள். விளைவு, 1972 வரை மனநல மருத்துவமனை வாசம். தப்பி ஓடியதால், குற்ற வழக்குள்ளவர்களை அடைத்துவைக்கும் ரஸ்க் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மின் அதிர்ச்சி, தோரசைன் மருந்து எல்லாம் கொடுத்தார்கள். அவர் தானாகப் போட்ட எல்எஸ்டியை மறக்காமல் எழுதுகிறவர்கள், அரசு கொடுத்ததை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

சரி, பேய்ப் பாட்டுகள்? 1981-ல் வந்த 'தி ஈவில் ஒன்' தொகுப்பில் 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி' என்று ஒன்று உண்டு. தலைப்பு 1943-ல் வந்த படத்தின் பெயர். கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவார், அதுவும் பழைய காதல் பாட்டின் மெட்டில். ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் மாறும். திகில் படங்களை ஆசையாகப் பார்த்த ஒருவர் யோசித்துச் செய்த வேலை இது. பிதற்றல் இல்லை.

பரிதாபப்பட்டு எல்லாவற்றையும் புகழ்வதும் தப்புதான். பின்னாளில் வெளியான சில ஒலிநாடாக்கள் வெறும் துண்டுகள். அவர் நன்றாக இருந்திருந்தால் வெளியிட விட்டிருப்பாரா என்றே சந்தேகம்.

2010-ல் ஒக்கர்வில் ரிவர் குழுவோடு செய்த 'ட்ரூ லவ் காஸ்ட் அவுட் ஆல் ஈவில்' அப்படி இல்லை. ரஸ்க் காலத்துக் கரகரப்பான பதிவுகளும் அதில் உண்டு. கிடாரும் குரலும் மட்டும். நிதானமாக, சுருதி விலகாமல், ஒருவர் பக்திப் பாட்டு பாடுகிறார். உள்ளே அடைபட்டிருந்தபோதும் அந்த மனுஷன் பாட்டு கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

2019-ல், 71 வயதில் இறந்தார். புதிதாகக் கேட்பவர்கள் அந்தப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். வாழ்க்கைக் கதையை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.