கட்டைப் பிரிக்காமல் எடுப்பது

ஜிப் கோப்பின் பொருளடக்கம் அதன் கடைசியில் இருக்கிறது. 1989-இல் ஃபில் காட்ஸ் வகுத்த இந்த அமைப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்படுகிறது. எது எங்கே தொடங்குகிறது என்பது அந்தப் பட்டியலில் பதிவாகிறது. அதனால் ஆயிரம் படங்களுக்கு நடுவே கிடக்கும் ஒரே ஒரு சிஎஸ்வி கோப்பை, மற்றவற்றைத் தொடாமல் நேராக எடுத்துவிடலாம். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! மொத்தத்தையும் ஒரே ஓட்டமாகச் சுருக்கும் டார்-ஜிஜிப்பில் இது முடியாது. முதலிலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும்.

ஒரு ஃபோல்டரில் இருநூறு ஜிப்கள் கிடந்து, எல்லாவற்றிலிருந்தும் சிஎஸ்வி கோப்புகளை மட்டும் எடுக்க வேண்டுமென்றால், பைத்தானில் பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். ‘ஜிப்ஃபைல்’ தொகுதி ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்து பெயர்களைத் தருகிறது; ‘.சிஎஸ்வி’ என்று முடிபவை மட்டும் வெளியே வருகின்றன. சிலர் அதைப் பெரிய எழுத்தில் இட்டிருப்பார்கள். ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிட்டால் ஒன்றும் நழுவாது.

ஸ்கிரிப்டின் அழகு அடுத்த வரியில் தெரியும். இருநூறு ஜிப்பிலும் கோப்பின் பெயர் ‘அறிக்கை’ என்றே இருந்தால், ஒரே இடத்தில் கொட்டும்போது ஒன்றன்மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசி அறிக்கை மட்டுமே மிஞ்சும். ஒவ்வொரு ஜிப்பின் பெயரிலும் ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் இடுவதே முறை. மூலக் கோப்புகள் படிக்க மட்டுமே திறக்கப்படுவதால், எத்தனை முறை ஓட்டினாலும் அவற்றில் ஒரு பைட்டும் மாறாது.