கரகரப்பின் விலை

வாத்தியம் செய்கிறவர்களுக்கு உலகமெங்கும் ஒரே கவலைதான்: நாதம் சுத்தமாக இருக்க வேண்டும். மரத்தைத் தேடுகிறார்கள், தோலைத் தேடுகிறார்கள், தந்தியைத் தேடுகிறார்கள். மின்சார கிதார் வாசிக்கிறவர்களோ, இருக்கிற நாதத்தைக் கெடுத்துக் கொள்வதற்கென்றே கைக்காசைச் செலவழித்து ஒரு பெட்டி வாங்குகிறார்கள். அதைக் காலடியில் வைத்துக்கொண்டு வேண்டும்போது மிதிக்கிறார்கள். மிதித்தவுடன் தெளிவாக ஒலித்துக் கொண்டிருந்த கிதார் கரகரக்கிறது, உறுமுகிறது, சில சமயம் அலறவும் செய்கிறது. இந்தப் பெட்டிக்குத்தான் பெடல் என்று பெயர்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் நம் தம்புராவைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். தம்புராவின் குதிரைமேல், ஒவ்வொரு தந்திக்கும் அடியில் ஒரு சிறு நூல் இருக்கும். அதை ஜீவா என்கிறோம். நூல் இல்லாவிட்டால் தந்தி மொட்டையாக ஒலித்து அடங்கிவிடும். நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்திச் சரியான இடத்துக்குக் கொண்டு வந்ததும், அதுவரை ஊமையாயிருந்த தந்தி ரீங்காரம் செய்ய ஆரம்பிக்கிறது. தந்தி குதிரையின்மேல் உராய்வதால் உண்டாகும் சத்தம் அது. கணக்குப் பார்த்துச் சொன்னால் அது ஒரு குறைதான். ஆனால் அந்தக் குறைக்கு நம் பெரியவர்கள் ‘ஜீவன்’ என்று பெயர் வைத்தார்கள். ஆகவே, கரகரப்பு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எந்தக் கரகரப்பு, எவ்வளவு கரகரப்பு என்பதுதான் கேள்வி. இன்று அதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது: என்ன விலைக்கு?

விலைக் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் இந்தப் பெட்டியின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அது முழுக்க முழுக்க ஏழைகளின் கதை. இன்னும் சரியாகச் சொன்னால், ஓட்டை உடைசல்களின் கதை. 1951-ல் ஐக் டர்னரின் கோஷ்டி ‘ராக்கெட் 88’ என்ற பாட்டைப் பதிவு செய்ய மெம்பிஸ் நகரத்துக்குப் போயிற்று. வழியில் கிதார்க்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபயருக்கு அடிபட்டுவிட்டது. பதிவு செய்தவர் சாம் பிலிப்ஸ். கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கரகரப்பு அப்படியே இசைத்தட்டில் ஏறியது. 1958-ல் லிங்க் ரே என்பவர், நல்ல ஸ்பீக்கரில் பென்சிலால் குத்தித் துளை போட்டு ‘ரம்பிள்’ வாசித்தார். 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் கோஷ்டியின் டேவ் டேவிஸ், ஒரு சின்ன மலிவான ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை க்ஷவர பிளேடால் கிழித்தார். அப்போது அவர் இருபது வயதுகூட நிரம்பாத பையன். ‘யூ ரியலி காட் மீ’ என்ற பாட்டில் அந்த பிளேடின் வேலையை இன்றும் கேட்கலாம்.

கடையில் விற்ற முதல் கரகரப்புப் பெட்டியும் ஒரு கோளாறில்தான் பிறந்தது. நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸின் ‘டோண்ட் வொரி’ பதிவானபோது, கிரேடி மார்ட்டின் வாசித்த வாத்தியம், பழுதான ஒரு மின்சுற்றின் வழியாகப் போய்த் தேனீக்கூட்டம்போல் வெளியே வந்தது. 1961-ல் அந்த இசைத்தட்டு பிரசித்தி அடைந்தது. பதிவு என்ஜினீயர் கிளென் ஸ்நாடி அந்தக் கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கும் ஒரு சுற்றை அமைத்தார். 1962-ல் கிப்ஸன் கம்பெனி அதை ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்று வெளியிட்டது. உள்ளே மூன்று ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்கள், இரண்டு சின்ன பாட்டரிகள், அவ்வளவுதான். கிதாரை ஊது வாத்தியமாகவும் செல்லோவாகவும் மாற்றிவிடும் என்று விளம்பரம் செய்தார்கள். வாங்க ஆளில்லை. பெட்டி கடை அலமாரிகளில் தூங்கிற்று. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியின் கீத் ரிச்சர்ட்ஸ், பின்னால் ஊது வாத்தியங்கள் வாசிக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளமாக இந்தப் பெட்டியை மிதித்து ‘சாட்டிஸ்ஃபாக்ஷன்’ பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். அடையாளமே பாட்டாகிவிட்டது, கடைகளில் பெட்டி தீர்ந்துபோயிற்று.

இந்த மூன்று வருஷ இடைவெளியில் பெட்டிக்குள் ஒரு திருகாணிகூட மாறவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதை எங்கே மிதிப்பது என்று தெரிந்த ஒரு கால் வந்து சேர்ந்தது. மாறியது அது ஒன்றுதான்.

பெட்டிக்குள் நடப்பது பெரிய மாயமல்ல. தந்தியின் அதிர்வு மின்சார அலையாகி உள்ளே வருகிறது. முதலில் அதை ஊதிப் பெரிதாக்குகிறார்கள். பிறகு, தலை தட்டும் அளவுக்குத் தாழ்ந்த ஒரு கூரைக்குள் தள்ளுகிறார்கள். அலையின் உச்சி வெட்டுப்படுகிறது. வெட்டுப்பட்ட அலையில், மூல ஸ்வரத்தோடு முன்னே இல்லாத மேல் ஸ்வரங்கள் பல சேர்ந்துகொள்கின்றன. உச்சியை மெதுவாக வளைத்துவிட்டால் அது ஓவர்டிரைவ். கத்தி வைத்துச் சீவினால் டிஸ்டார்ஷன். அடியோடு சதுரமாக்கிவிட்டால் ஃபஸ். இந்த வெட்டு வேலையைச் செய்கிற டயோடு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சாமான். 1966-ல் லண்டனில் வெளிவந்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்த ‘ஃபஸ் ஃபேஸ்’ பெட்டியில் மொத்தம் இரண்டே டிரான்ஸிஸ்டர்கள்.

இப்படிப்பட்ட ஒரு பொருளுக்குத்தான் இன்று தங்க விலை சொல்கிறார்கள். 1994-ல் அமெரிக்காவில் பில் ஃபினெகன் என்பவர் ‘க்ளான் சென்டார்’ என்ற ஓவர்டிரைவ் பெடலைச் செய்து விற்க ஆரம்பித்தார். நல்ல பெட்டி; நாணயமான வேலை. ஏறக்குறைய எட்டாயிரம் பெட்டிகளோடு அதை நிறுத்திவிட்டார். அப்புறம் பிடித்தது பைத்தியம். பழைய பெட்டி ஒன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. இந்த அமளிக்குத் தாம் பொறுப்பல்ல என்று, செய்தவரே தம் அடுத்த பெட்டியின் மேல் அச்சடித்து வைக்க வேண்டியதாயிற்று! ஜப்பானில் 1970-களின் கடைசியில் வந்த ‘ட்யூப் ஸ்க்ரீமர்’ பெட்டிக்குள் இருக்கும் 4558 என்ற சில்லு, அந்தக் காலத்தில் எத்தனையோ சாதாரண மின்சாதனங்களில் கிடந்த மலிவுச் சரக்கு. இன்று அதன் பழைய பிரதிகளைப் பல்லால் கடித்துப் பார்க்காத குறையாகச் சோதித்து வாங்குகிறார்கள்.

பழையதை விரும்புவது குற்றமல்ல. விலையைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பதுதான் குற்றம். விலை அதிகம் என்று தெரிந்ததும் நாதம் இனிக்கிறதென்றால், அங்கே கேட்கிறது காது அல்ல, பணப்பை. அதனால் நஷ்டப்படுகிறவன் பணக்காரனும் அல்ல. பிளாஸ்டிக் பெட்டியும் கையுமாகத் தன் அறையில் உட்கார்ந்திருக்கிற மாணவன் இருக்கிறானே, அவன்தான் நஷ்டப்படுகிறான். ‘நம்மிடம் சரியான பெட்டி இல்லை, ஆகவே நமக்குச் சங்கீதம் வராது’ என்று அவன் முடிவு கட்டி விடுகிறான். டேவ் டேவிஸ் அப்படி நினைத்திருந்தால் பிளேடால் முகத்தைத்தான் மழித்துக் கொண்டிருப்பார்.

மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலானவை நகல்கள்தானே என்று கேட்கலாம். ஆம், நகல்கள்தான். ஆனால் ஃபஸ் செய்தவர்கள் எல்லாரும் ஒருவர் சுற்றை ஒருவர் பார்த்து மாற்றியும் திருத்தியும் செய்து வந்தவர்களே. யுக்தியைக் கற்றுக்கொள்வது ஒன்று. முகத்தையும் பெயரையும் திருடுவது வேறொன்று. 2005-ல் ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி, தன் பாஸ் பெடல்களின் தோற்றத்தையே காப்பியடித்துவிட்டதாக பெரிங்கர் கம்பெனிமேல் வழக்குத் தொடர்ந்தது. வழக்கு சமரசத்தில் முடிந்தது; பெட்டிகளின் தோற்றம் மாறியது. இது நியாயமான எல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கதை எழுதுகிறவனுக்கும் இதே எல்லைதான்.

மலிவு எங்கே நம்மை ஏமாற்றுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நாதத்தில் ஏமாற்றுவது குறைவு. உடம்பில் ஏமாற்றுவதுதான் அதிகம். கால் மிதிக்கிற ஸ்விட்ச், வயர் செருகுகிற துளை, திருகுகிற குமிழ், இந்த மூன்றும்தான் முதலில் கெடும். துளை பெட்டியின் சுவரில் இறுக்கப்படாமல் உள்ளே இருக்கும் பலகையோடு நேராக ஒட்டப்பட்டிருந்தால், வயரை நாலு தரம் இழுத்ததும் விரிசல் விடும். வீட்டில் வாசிக்கிறவனுக்கு இதனால் மோசமில்லை. வாரந்தோறும் மேடையில் மிதிக்கிறவன் மட்டும் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து உலோகப் பெட்டியாக வாங்குவது நல்லது. 1978-லிருந்து பாஸ் கம்பெனி செய்து வரும் ஆரஞ்சு வர்ண ‘டி.எஸ். 1’ அப்படிப்பட்டது. கர்ட் கோபேனும் அதை மிதித்தார். நேற்றுக் கிதார் வாங்கினவனும் அதை மிதிக்கிறான். பழைய பெட்டி வாங்கினாலும் பாதகமில்லை. குமிழைத் திருகும்போது கறமுற என்கிறதா, வயரை ஆட்டினால் சத்தம் அறுந்து போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாவது ஏமாற்று, இரைச்சல். அதற்குப் பெட்டியைத் திட்டுமுன் மின்சாரம் வருகிற வழியைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான பெடல்களுக்கு வேண்டியது 9 வோல்ட். செருகியின் நடுமுனை எதிர்முனையாக இருக்க வேண்டும். சில ஃபஸ் பெட்டிகளில் இது நேர்மாறு. மாற்றிச் செருகினால் பெட்டிக்கே ஆபத்து. ஒரே அடாப்டரிலிருந்து ஐந்தாறு பெட்டிகளுக்குக் கிளை பிரித்தால் ஊங்காரம் கேட்பதுண்டு. பெட்டியில் மிச்சம் பிடித்த பணத்தை நல்ல அடாப்டருக்குச் செலவிடுவதே புத்திசாலித்தனம். பாட்டரி போட்டிருந்தால், வாசித்து முடித்ததும் கிதார் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். விளக்கு அணைந்திருந்தாலும், வயர் செருகியிருக்கும் வரையில் பாட்டரி செலவாகிக் கொண்டே இருக்கும்.

தேர்ந்தெடுப்பதற்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: சத்த அளவைச் சமமாக்கிக் கேள். மனிதக் காதுக்கு ஒரு பலவீனம். சற்று உரத்துக் கேட்பதை நல்லதென்று நினைத்துக்கொள்ளும். பெட்டியை மிதித்ததும் ‘ஆஹா’ என்று தோன்றுவதில் பாதி இந்தப் பலவீனம்தான். ஆகவே மிதிக்கும்போதும் மிதிக்காதபோதும் சத்தம் ஒரே அளவாக இருக்கும்படி லெவல் குமிழை வைத்துக்கொண்டு, பிறகு கேட்க வேண்டும். விலையுயர்ந்த பெட்டியையும் மலிவுப் பெட்டியையும் இப்படி, பெயரை மறைத்து வைத்து ஒப்பிட்டால், பல வீராப்புகள் அடங்கிவிடும். கேட்பதும் நம் கிதாரில், நம் ஆம்ப்ளிஃபயரில் கேட்க வேண்டும். கடையின் பெரிய ஆம்ப்ளிஃபயரில் சிங்கமாக இருப்பது, நம் வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் கொசுவாகி விடலாம்.

தனியே கேட்பது வேறு, கூட்டத்தில் கேட்பது வேறு. நியூயார்க்கில் 1969-ல் பிறந்த ‘பிக் மஃப்’ போன்ற ஃபஸ், தனியறையில் கோபுரமாக எழும்பும். டிரம்மும் பேஸ் கிதாரும் சேர்ந்தவுடன் நடு ஸ்தாயியில் ஆளே இல்லாமல் அமுங்கிப் போவதுண்டு. தனியே கேட்டால் மூக்கடைத்ததுபோல் ஒலிக்கும் ட்யூப் ஸ்க்ரீமர் ஜாதி, கோஷ்டியில் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு தெளிவாகக் கேட்கும். யாருடன் வாசிக்கப் போகிறோம் என்று தெரியாமல் பெட்டி வாங்குவது, யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் வசனம் எழுதுவது போலத்தான்.

வாங்கினபின் குமிழ்களையெல்லாம் நடுவில் வைத்துத் தொடங்கலாம். டிரைவ் குமிழை முழுக்கத் திருப்ப வேண்டும் என்று கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். கரகரப்பு கூடக் கூட விரலின் மென்மையும் அழுத்தமும் ஒரே மட்டமாகிவிடும். கிதாரிலேயே ஒரு சத்தக் குமிழ் இருக்கிறது; பலர் அதைத் தொடுவதே இல்லை. நல்ல ஃபஸ்ஸை மிதித்துவிட்டு அந்தக் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் உறுமல் அடங்கிக் கிதார் பேச ஆரம்பிக்கும். ஒரே பெட்டியில் மூன்று நான்கு குரல்கள் இப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டாவது பெட்டியாக எதிரொலிக்கும் டிலே வாங்கினால், கரகரப்புக்கு அப்புறம் அதை வைக்க வேண்டும். எதிரொலியைக் கரகரக்க வைத்தால் கூழாகிவிடும். அந்தக் கூழையே விரும்பி வைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். தெரிந்து செய்தால் தவறில்லை.

நூறு விதச் சத்தம் தரும் ஒரே பெட்டியை அதே விலைக்கு வாங்கலாமே என்பார்கள். அக்கம்பக்கத்துக்குப் பயந்து காதில் ஹெட்ஃபோனோடு வாசிக்கிறவனுக்கு அது மிகவும் உகந்தது. ஆனால் நூறு சத்தத்தில் தொண்ணூற்றைந்தைத் தேடிப் பார்ப்பதிலேயே மாலைப்பொழுது போய்விடும் ஆபத்தும் அதில் உண்டு. மூன்று குமிழ் உள்ள ஒரு பெட்டியோடு ஆறு மாதம் குடித்தனம் செய்தவனுக்கு, தனக்கு எது வேண்டாம் என்று தெரிந்துவிடும். வேண்டாததைத் தெரிந்துகொள்வதுதான் ரசனையின் பாதி.

ஆகவே என் தீர்ப்பு இது: முதல் பெட்டிக்கு மூவாயிரம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க அவசியமில்லை. அந்தப் பெட்டி தருகிற கரகரப்பு அசல் கரகரப்புதான். கிழிந்த ஸ்பீக்கரும் பழுதான மின்சுற்றும் தந்ததைவிட எந்த விதத்திலும் தாழ்ந்ததல்ல. அதில் ஜீவன் இருக்கிறதா என்று கேட்டால், தம்புராக்காரர் தரும் பதிலைத்தான் நானும் தருவேன். நூல் காலணாதான். அதை எந்த இடத்தில் நிறுத்துவது என்று கேட்டுக் கேட்டு நகர்த்துகிற காதுக்குத்தான் விலை. அந்தக் காது கடையில் விற்பதில்லை.