வயதும் வாசிப்பும்: கொல்கத்தாவின் சிறார் நூல்மரபும் இன்றைய தமிழ்ச் சிறார் நூல்களும்

முன்னுரை

சிறார் நூல்கள் இன்று வயது வாரியாகப் பிரிக்கப்பட்டே வெளிவருகின்றன. நூலின் பின்னட்டையில் ஓர் எண் அச்சிடப்படுகிறது. பெற்றோரும் நூலகரும் அவ்வெண்ணைப் பார்த்தே நூலைத் தேர்கின்றனர். சொற்களின் எளிமை, வாக்கியத்தின் நீளம், படங்களின் எண்ணிக்கை ஆகியவையே பெரும்பாலும் இப்பகுப்பின் அளவுகோல்களாக அமைகின்றன. வயதைத் தீர்மானிப்பது மொழியின் கடினம்தானா, அல்லது வாசிக்கும் சிறாரை நம்பி எழுத்தாளர் ஒப்படைக்கும் உண்மையின் அளவா என்னும் வினா ஆய்வுக்குரியது. இவ்வினாவுக்கு விடைகாண ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தொடர்ச்சியுள்ள கொல்கத்தாவின் வங்காளச் சிறார் நூல்மரபு துணைபுரிகிறது. அம்மரபின் படிநிலைகளை மதிப்பிட்டு, அவற்றின் ஒளியில் இன்றைய தமிழ்ச் சிறார் நூல்களின் நிலையை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எழுத்தறியும் பருவம்

வங்காளக் குழந்தையின் முதல் நூல் நெடுங்காலம் ஈசுவரசந்திர வித்யாசாகரின் 'வர்ணபரிசய்' (1855) ஆக இருந்தது. எழுத்தையும் ஒழுக்கத்தையும் ஒருசேரக் கற்பித்த நூல் அது. சொல்வதைக் கேட்கும் கோபால் நல்ல பிள்ளை. கேளாத ராகால் அதற்கு நேர்மாறானவன். ஆத்திசூடியை அகரவரிசையாகவும் அறவரிசையாகவும் ஒருங்கே கற்ற தமிழ்ச் சமூகத்துக்கு இம்முறை புதிதன்று.

யோகீந்திரநாத் சர்க்காரின் 'ஹாசி குஷி' (1897) இந்நிலையை மாற்றியது. எழுத்துகள் விலங்குகளோடும் பழங்களோடும் ஓசைநயத்தோடும் இணைந்து விளையாட்டுப் பொருள்களாயின. சிரிப்பும் மகிழ்ச்சியும் எனப் பொருள்படும் தலைப்பே நூலின் கொள்கையை உரைக்கிறது. 1930இல் வெளிவந்த இரவீந்திரநாத் தாகூரின் 'சகஜ் பாட்', நந்தலால் போஸின் படங்களோடு எளிய சொற்களைக் கொண்டே கவிதை அனுபவத்தைக் குழந்தைக்குத் தந்தது. இம்மூன்று நூல்களும் ஏறத்தாழ ஒரே வயதினர்க்கு உரியவை. ஆயினும் மூன்றும் குழந்தையை வெவ்வேறாகக் கருதின. முதலாவது அதைத் திருத்தப்பட வேண்டிய உயிராகவும், இரண்டாவது விளையாடும் உயிராகவும், மூன்றாவது அழகை உணரும் உயிராகவும் கண்டது. வயது ஒன்றாக இருந்தும் நூலின் தன்மை மாறுவதற்குக் காரணம் சொல்லின் எளிமையன்று, குழந்தையைப் பற்றிய கருத்தே என்பது இதனால் பெறப்படும்.

கதை கேட்கும் பருவம்

தட்சிணாரஞ்சன் மித்ர மஜும்தார் தொகுத்த 'டாகுர்மார் ஜுலி' (1907) பாட்டியின் கதைப்பையை அச்சுக்குக் கொண்டுவந்தது. தாகூர் அதற்கு முன்னுரை வழங்கினார். மூன்றாண்டுகள் கழித்து உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி தையல்சிட்டின் பெயரால் ஒரு விலங்குக்கதைத் தொகுப்பை வெளியிட்டார். அந்தி நேரத்தில் உண்ணாமலே உறங்கிவிடும் குழந்தைகளை விழித்திருக்கச் செய்வதற்காகக் கிழக்கு வங்காளப் பெண்கள் கூறிய கதைகள் இவை என்று அதன் முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். தாலாட்டு உறங்க வைப்பது. இக்கதைகளோ உறங்கவிடாமல் காப்பவை. சிறிய பறவை அரசனை ஏமாற்றுவதும், நரி முதலையை ஏமாற்றுவதும் இவற்றின் பொருள். வலியாரை எளியார் வெல்லும் இக்கதைகளில் நீதி பிரித்துரைக்கப்படவில்லை.

1913இல் உபேந்திரகிஷோர் தொடங்கிய 'சந்தேஷ்' இதழ் இம்மரபைத் திங்கள்தோறும் வளர்த்தது. இனிப்பையும் செய்தியையும் ஒருங்கே குறிக்கும் சொல் அது. 1915இல் அவர் மறைந்தபின் மகன் சுகுமார் ராய் ஆசிரியரானார். சுகுமார் 1923 செப்டம்பர் 10 அன்று மறைந்தார். அவருடைய நகைப்பாடல் தொகுப்பான 'ஆபோல் தாபோல்' ஒன்பது நாள் கழித்து வெளிவந்தது. பொருளற்றன போலத் தோன்றும் அப்பாடல்களில் அலுவலக அதிகாரி, நீதிமன்றம், பொல்லாத அரசன் ஆகியோர் நகைப்புக்கு உள்ளாகின்றனர். ஐந்து வயதுக் குழந்தை ஓசைக்காகவும், பதினைந்து வயதினர் விந்தைக்காகவும், ஐம்பது வயதினர் அங்கதத்துக்காகவும் படிக்கும் நூல் அது. ஒரு நூலுக்கு ஒரு வயதெண் போதாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அரிது.

கிஷோர் பருவம்

வங்காளத்தில் 'சிசு', 'கிஷோர்' என்னும் இரு சொற்கள் சிறார் வாசகரை வேறுபடுத்துகின்றன. கிஷோர் என்பது ஏறத்தாழப் பன்னிரண்டு வயது தொடங்கி இளமையை எட்டும் வரையுள்ள பருவம். 1968இல் தொடங்கிய 'கிஷோர் பாரதி' இதழ் இச்சொல்லைத் தன் பெயரிலேயே கொண்டது. 1920இல் தோன்றிய 'மௌசாக்', 1948இல் தோன்றிய 'சுக்தாரா', 1975இல் தோன்றிய 'ஆனந்தமேளா' ஆகியனவும், பூஜைக் காலத்துத் தடித்த ஆண்டு மலர்களும் இவ்வாசகர்க்குத் தொடர்ந்து உணவளித்தன. குழந்தை நூலுக்கும் பெரியவர் நூலுக்கும் இடையே ஒரு பாலம் இவ்வாறு அமைந்தது.

அப்பாலத்தில் நிற்கும் நூல்களின் இயல்பு கருதத்தக்கது. பிபூதிபூஷண் பந்தோபாத்யாயின் 'சாந்தேர் பஹார்' (1937) சணல் ஆலை எழுத்தர் வேலையை விரும்பாமல் ஆப்பிரிக்கா செல்லும் சங்கர் என்னும் இளைஞனின் கதை. வழிகாட்டியான அல்வாரெஸ் இடைவழியில் இறக்கிறார். சங்கர் தனியனாகப் பாலையைக் கடக்கிறான். துணைநின்ற பெரியவர் மறைய, இளையவன் தன் அறிவை மட்டுமே நம்பி நடக்க வேண்டிய இவ்விடமே கிஷோர் பருவத்தின் உருவகம் எனலாம்.

அவ்வாசிரியரின் 'பதேர் பாஞ்சாலி' (1929) பெரியவர்க்கான நாவல். 1944இல் சிக்னெட் பிரெஸ் அதன் சுருக்கத்தை இளையோர்க்கென வெளியிட்டது. நாவலின் நடுப்பகுதிக்குரிய 'ஆம் ஆண்டிர் பேம்பு' என்னும் பெயரே சுருக்கத்துக்கும் சூட்டப்பட்டது. மாங்கொட்டைப் பீப்பி என்பது அதன் பொருள். அதற்குப் படம் வரைந்த சத்யஜித் ராய் 1955இல் அந்நாவலைத் திரைப்படமாக்கினார். பெரியவர் நூலை இளையோர்க்கு ஆக்கும்போது நூலின் பெயரே ஒரு விளையாட்டுப் பொருளாக மாறியது நோக்கத்தக்கது. வறுமையை மறைக்காமல், அதைக் குழந்தையின் கண்ணுயரத்திலிருந்து காட்டுவதே அச்சுருக்கத்தின் உத்தி.

சத்யஜித் ராய் 1961இல் 'சந்தேஷ்' இதழைச் சுபாஷ் முகோபாத்யாயுடன் இணைந்து மீட்டெடுத்தார். 1965இல் அதில் ஃபெலுடா என்னும் துப்பறிவாளர் அறிமுகமானார். கதைசொல்லியான தபேஷ் அப்போது பதின்மூன்றரை வயதினன். புதிரை விடுவிப்பவர் ஃபெலுடா; உலகைக் காண்பவனோ தபேஷ். லக்னோ, கேங்டாக், ஜெய்சல்மேர், காசி என இந்திய நிலவியல் அவன் வழியாக வாசகர்க்குப் பாடநூலின் சாயலின்றி வந்து சேர்கிறது. 1970 முதல் ஃபெலுடா நாவல்கள் பெரியவர் இதழான 'தேஷ்' பூஜை மலரிலும் இடம்பெறலாயின. சிறார் இதழில் பிறந்த பாத்திரம் குடும்பம் முழுமைக்கும் உரியதாயிற்று. தந்தையும் மகளும் ஒரே மலருக்காகக் காத்திருக்கும் சூழலில், வாசிப்பு பள்ளிக் கடமையாகச் சுருங்குவதில்லை.

விடுபட்ட பகுதி

இப்பாலத்தில் ஓர் இடைவெளியும் உண்டு. ஃபெலுடா கதைகளில் பெண் பாத்திரங்கள் மிக அரியர். காதலுக்கு அங்கு இடமில்லை. உடலின் மாற்றம், குடும்பத்தின் பிளவு ஆகியவற்றுக்கும் இடமில்லை. இளம் வாசகர் கருதியே இவ்வெல்லை வகுக்கப்பட்டது. ஆயினும் பதின்மூன்று வயதினரின் வாழ்வில் நேரும் முதன்மையான மாற்றங்களே இவ்வெல்லைக்கு வெளியே நின்றுவிட்டன. துணிச்சலை இம்மரபு இளையோர்க்குத் தாராளமாக வழங்கியது. அந்தரங்கத்தைப் பேசத் தயங்கியது. கிஷோர் என்னும் சொல் ஆண்பாற் சொல்லாக இருப்பது தற்செயலாயினும் பொருளுடையது.

இவ்விடத்தில் லீலா மஜும்தாரின் 'மணிமாலா' தனித்து நிற்கிறது. வானொலியின் மகளிர் நிகழ்ச்சிக்காக உருவான இந்நூல் பாட்டி பேத்திக்கு எழுதும் கடிதங்களால் அமைந்தது. பேத்திக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போது தொடங்கும் கடிதங்கள் அவள் திருமணம், தாய்மை வரை நீள்கின்றன. நடுத்தரக் குடும்பத்துச் சாதாரணப் பெண்ணின் சாதாரணச் சிக்கல்களே இதன் பொருள். ஒரு வயதில் நின்றுவிடாமல் வாசகியோடு சேர்ந்து வளரும் நூல் இது. சாகச நூல்கள் பெற்ற புகழை இவ்வகை நூல்கள் பெறவில்லை என்பதே மரபின் சாய்வைக் காட்டுகிறது.

தமிழ்ச் சூழல்

தமிழில் சிறார் இலக்கியத்துக்கு வலுவான அடித்தளம் உண்டு. 1947இல் 'அம்புலிமாமா' தோன்றியது, 1950இல் அழ. வள்ளியப்பாவின் முயற்சியால் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று. 1972இல் 'கோகுலம்' வெளிவந்தது. ஆயினும் 'கிஷோர்' என்பதற்கு நிகராக நூலகத் தட்டுகளில் நிலைத்த ஒரு சொல் தமிழில் அமையவில்லை. அம்புலிமாமாவை விட்ட சிறுவர் பலர் நேரே 'பொன்னியின் செல்வ'னுக்குத் தாவினர். சிலர் படக்கதைகளில் தங்கினர். ஏனையோர் வாசிப்பையே விட்டு விலகினர். வீ.பா. கணேசனின் மொழிபெயர்ப்பில் ஃபெலுடா தமிழுக்கு வந்தது இவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும் முயற்சியே. இளையோர்க்கான துப்பறியும் கதையைக் கொல்கத்தாவிலிருந்து பெற வேண்டிய தேவை தமிழின் குறையையும் சுட்டுகிறது.

அண்மைக்கால முயற்சிகள் நம்பிக்கை அளிப்பவை. 2022இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை நான்கு, ஐந்தாம் வகுப்பினர்க்கு 'ஊஞ்சல்' இதழையும், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையினர்க்குத் 'தேன்சிட்டு' இதழையும் தொடங்கியது. 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறுநூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு நிலைகளாக வகுக்கப்பட்டன. இப்பகுப்பின் சிறப்பு, அது வயதெண்ணைக் கைவிட்டு வாசிப்புத் திறனைக் கருதியதாகும். எட்டாம் வகுப்பில் பயின்றும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் மாணவர் குழந்தை நூலைக் கையில் எடுக்க நாணுவர். 'நட' என்னும் சொல்லோ அவரை நாணச் செய்யாது. எனினும் திறனைப் படிநிலைப்படுத்துவது வேறு, வாழ்வனுபவத்தைப் படிநிலைப்படுத்துவது வேறு. பறக்கக் கற்ற வாசகருக்கு எவ்வானம் காத்திருக்கிறது என்பதே அடுத்த வினா.

அவ்வினாவுக்கு விடைதரும் நூல்களும் தோன்றியுள்ளன. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறல் என்னும் கடினமான பொருளை அது பேசும் மரப்பாச்சி என்னும் பழைய கதைமரபின் துணையோடு கையாள்கிறது. கொல்கத்தா மரபு பேசத் தயங்கிய இடத்தில் இந்நூல் பேசத் துணிந்தது. அதுவும் பதின்பருவத்தினர்க்கு மட்டுமன்றி அவரினும் இளையோர்க்கும். இங்கு மொழி எளியது, பொருள் எளியதன்று. ஆயினும் பொம்மை வழிகாட்டியாக அமைவதால் அறிவுரைக் குரல் ஓங்கும் வாய்ப்பும் இவ்வகை நூல்களுக்கு உண்டு. மரப்பாச்சி, ஆசிரியராக மாறும் இடங்களில் கதை சற்றே பின்வாங்கிவிடுகிறது. கோபாலும் ராகாலும் வேறு வடிவில் மீண்டும் வந்துவிடாமல் காப்பது இனிவரும் எழுத்தாளர்தம் பொறுப்பாகும்.

2010இல் தொடங்கிய இவ்விருது ஒன்பது முதல் பதினாறு வயது வரையிலான வாசகர்க்குரிய நூல்களை ஒரே வரிசையில் வைக்கிறது. ஒன்பது வயதினருக்கும் பதினாறு வயதினருக்கும் இடையே ஒரு வாழ்க்கையே கடந்துவிடுகிறது. இவ்விருதைத் தமிழில் பெற்ற நூல்களை அவற்றின் வாசகப் பருவம் நோக்கிப் பகுத்தாராய்வது தமிழ்த் துறைகள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.

முடிவுரை

கொல்கத்தாவின் சிறார் நூல்மரபு இரு செய்திகளை உணர்த்துகிறது. சிறாரின் வயதுக்கேற்ற நூல் என்பது சொற்களைக் குறைத்த நூலன்று. அவ்வயது தாங்கக்கூடிய உண்மையைக் குறையாது வழங்கும் நூல் என்பது முதலாவது. இழப்பையும் வறுமையையும் அதிகாரத்தின் பொய்ம்மையையும் அம்மரபு இளையோர்க்குத் தந்தது. உடல், பெண்மை, அந்தரங்கம் ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்தது என்பது இரண்டாவது. தமிழில் நிலை ஏறத்தாழத் தலைகீழாக உள்ளது. ஒதுக்கப்பட்ட பொருள்களைப் பேசும் துணிவு புதிய நூல்களில் தோன்றிவிட்டது. அவற்றைச் சுமந்து செல்லும் தொடர்ச்சியான இதழ், மலர், நூல்வரிசை என்னும் பாலம் பதின்பருவத்தினர்க்கு இன்னும் அமையவில்லை. தாய்மொழி வாசிப்பைப் பதின்மூன்று வயதில் கைவிட்டவரை முப்பது வயதில் மீட்பது எளிதன்று. தனி நூல்களின் சிறப்பு, தொடர்ந்து வரும் வரிசைகளாக மாறும்போதே தமிழில் இளையோர் இலக்கியம் என்னும் துறை நிலைபெறும்.