சங்கீதங்களில் வல்லமையும் முறையும்: ‘மிஷ்பாட்’ என்னும் எபிரேயச் சொல்லின் தமிழாக்கம்

கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டி 1568இல் எழுப்பப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தில் சங்கீதங்கள் எபிரேயத்திலேயே ஓதப்பட்டு வந்தன. கொச்சி யூதருள் பெரும்பாலோர் 1948க்குப் பின் இசுரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். தெற்கே கும்பளங்கியின் கத்தோலிக்கத் தேவாலயங்களில் அதே சங்கீதங்கள் இன்று மலையாளத்தில் ஒலிக்கின்றன. இறைவனின் வல்லமையை நீதியோடு பிணைக்கும் இப்பாடல்களைத் திராவிட மொழிகளில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் சொற்சிக்கல் ஒன்றைத் தமிழை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

99ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனம் வல்லமை, அரசன், மிஷ்பாட், நேசித்தல் என்னும் நான்கு சொற்களை அடுக்கித் தொடங்குகிறது. வேற்றுமை உருபு இன்மையால் எழுவாய் எதுவெனத் துணிதல் அரிது. ஹென்றி பவர் குழுவினரின் 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய திருப்புதல் வல்லமையையே எழுவாயாக்குகிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்போ அரசனை விளித்து, வல்லமையை அவனுக்கு அடைமொழியாக்குகிறது. பின்னது படிக்க எளிது; ஆயினும் வல்லமையும் நீதியும் அதில் அருகருகே நிற்கும் இரு பண்புகளாகிவிடுகின்றன. வல்லமையே நீதியை நாடுகிறது என்னும் துணிவு முன்னதில்தான் உள்ளது.

இனி மிஷ்பாட். பழைய திருப்புதல் இதற்கு நியாயம், நியாயத்தீர்ப்பு என்பவற்றையும், இதன் இணைச்சொல்லாகிய ‘செதெக்’ என்பதற்கு நீதி என்பதையும் பெரும்பாலும் ஆள்கிறது. பொது மொழிபெயர்ப்பு மேற்குறித்த வசனத்தில் மிஷ்பாட்டையே நீதி என்கிறது. இரு எபிரேயச் சொற்களுக்கும் ஒரே தமிழ்ச்சொல் மாறிமாறி வரக் காரணம், நீதி, நியாயம் ஆகியவற்றின் பொருள்வேறுபாடு தமிழில் தேய்ந்துவிட்டமையே எனலாம்.

மிஷ்பாட் தீர்ப்பு மட்டுமன்று. வழக்கம், ஒழுங்கு, வழக்காடுவோனின் உரிமை ஆகியனவும் அதன் பொருள்களாம். இத்துணைப் பரப்பையும் தழுவும் சொல் தமிழில் ‘முறை’யே. 82ஆம் சங்கீதத்தில் எளியோர்க்கு நீதி மறுக்கப்படுகையில் பூமியின் அடித்தளங்கள் அசைகின்றன. குறளின் கொடுங்கோன்மை அதிகாரத்தில் மன்னன் முறை கோடினால் மழை பொய்க்கிறது. அரசுநீதி பிறழின் இயற்கையும் பிறழும் என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது. மேலும், வருந்துவோன் இடுவது ‘முறையீடு’. அரசன் செய்வது ‘முறை’. கூக்குரலும் தீர்ப்பும் ஒரே சொல்லடியில் பிறக்கின்றன. மட்டாஞ்சேரி மலையாளிக்கும் இது அயலன்று. ‘முறவிளி’ என்பது அவனுக்கும் ஓலமே. செதாக்கா (நீதி), செஆக்கா (கூக்குரல்) ஆகியவற்றின் ஒலியொப்புமையை வைத்து ஏசாயா ஐந்தாம் அதிகாரத்தில் அமைந்த சொல்விளையாட்டைப் பெயர்க்க முயன்றோர் இவ்வடியின் அருமையை உணர்வர்.

ஆனால் முறையை எங்கும் பெய்துவிட இயலாது. உறவுமுறை, எண்ணிக்கை ஆகிய பொருள்கள் இன்றைய வாசகனை முந்திக்கொள்ளும். அரசனுக்கு இறைவனின் மிஷ்பாட்டுகளை வேண்டும் 72ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் ‘முறைகள்’ எனப் பன்மையாக்கினால் செயல்முறைகள் என்றே பொருள்படும். அங்குப் பழைய திருப்புதலின் நியாயத்தீர்ப்புகளே பொருந்தும். 99ஆம் சங்கீதத்தில் ஒருமையாக நிற்கும் மிஷ்பாட்டிற்கு இத்தடை இல்லை.