முகமூடி விருந்தும் கங்கம்மா ஜாத்திரையும்

சித்திரை மாதக் கடைசியில், கங்கம்மா ஜாத்திரை நடக்கிற வாரத்தில், திருப்பதி தாத்தையகுண்டா பக்கம் போனால் தெரிந்தவர்களையே அடையாளம் தெரியாது. உடம்பெல்லாம் கரி பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு வருகிறவன் நேற்றுவரை செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தவனாக இருப்பான். பட்டுப்புடவை, சவுரி வைத்த ஜடை, கை நிறைய வளையல் என்று நடந்து வருகிற 'அம்மணி', பெங்களூரில் லீவு சொல்லிவிட்டு வந்த பையன். மீசையை மட்டும் எடுக்கவில்லை. பக்கத்தில் அவனுடைய அம்மா குனிந்து கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருப்பாள். மற்ற நாளில் வாயில் வந்தால் அறை விழும் வசவுகளை, பண்டா வேடத்து நாளில் தெருவில் நின்று உரக்கச் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இளைஞர் கொண்டாட்டத்துக்குள் பழைய நாடகங்களைக் கொண்டுபோய் வைக்கும் சினிமாக்களைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் தெருதான். டிஸ்கோ விளக்கும் டிஜேயும் இல்லாத இந்த இடத்தில், அந்தப் படங்கள் தேடுவது எல்லாமே இருக்கிறது: வேடம், வசவு, கூட்டம், ராத்திரி, மறுநாள் எதற்கும் கணக்குக் கேட்கக்கூடாது என்ற ஊர் ஒப்பந்தம்.

நாடகத்தில் விருந்துக்கு என்ன வேலை?

விருந்துக் காட்சியை நாடகாசிரியர்கள் அலங்காரத்துக்காக வைப்பதில்லை. அது கதையின் அச்சாணி. அழைக்கப்படாதவன் எதிரி வீட்டுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். ஷேக்ஸ்பியரின் ரோமியோவுக்கு அது கபுலெட் வீட்டு முகமூடி விருந்து. யோக்கியனைக் கெடுக்க ஒரு குவளை வேண்டும். 'ஒதெல்லோ'வில் இயாகோ காஸியோவுக்குக் குடிக்கக் கொடுப்பது சைப்ரஸ் தீவின் வெற்றிக் கொண்டாட்ட இரவில்தான். காதலர்கள் ஆள்மாறிப் போக ஓர் இருட்டு வேண்டும். 'கோடைக்கனவு' நாடகத்தில் அது ஏதென்ஸுக்கு வெளியே உள்ள காடு. 'பன்னிரண்டாம் இரவு' என்ற தலைப்பே கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தின் கடைசி ராத்திரியைக் குறிப்பது. அந்த நாடகம் நடந்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி ஒரு சட்ட மாணவரின் நாட்குறிப்பு. 1602 பிப்ரவரி 2-ஆம் தேதி, லண்டன் மிடில் டெம்பிள் சட்டக் கழகத்தின் விருந்துக் கூடத்தில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். இன்றைய மொழியில் சொன்னால், லா காலேஜ் டே.

ஆகவே இந்த நாடகங்களை ஹாலிவுட் பள்ளிக்கூடப் பார்ட்டிகளுக்குக் கொண்டுபோனதில் அநியாயம் ஒன்றுமில்லை. 'டென் திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ' (1999) ஷேக்ஸ்பியரின் அடங்காப்பிடாரியைப் பதுவா என்ற பெயருள்ள பள்ளிக்கூடத்தில் சேர்த்தது. 'ஷீ இஸ் தி மேன்' (2006) பன்னிரண்டாம் இரவின் ஆண்வேடக்காரியைக் கால்பந்து ஆடவைத்தது. பாஸ் லூர்மனின் 'ரோமியோ + ஜூலியட்' (1996) இவற்றுள் தனி. ஷேக்ஸ்பியரின் வசனத்தை மாற்றாமல், ரோமியோவுக்கு விருந்துக்கு முன்னால் ஒரு மாத்திரையைக் கொடுக்கிறது. நண்பன் மெர்குஷியோ பெண்வேடத்தில் ஆடுகிறான். அத்தனை ஆட்டத்துக்கும் நடுவில் ரோமியோ முகத்தைக் கழுவி, மீன்தொட்டிக் கண்ணாடி வழியே ஜூலியட்டைப் பார்க்கிறான். இரைச்சல் முழுக்க அந்த ஒரு நிமிட அமைதிக்காகத்தான் என்பது அப்போது புரிகிறது.

எல்லாரும் இப்படிப் புரிந்து எடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. 'எ மிட்சம்மர் நைட்ஸ் ரேவ்' (2002) ஷேக்ஸ்பியரின் காட்டை ரேவ் பார்ட்டியாக்கியது. யோசனை என்னவோ பொருத்தம்தான். ஆனால் காட்டுக்குள் போன காதலர்களுக்குத் தங்களுக்கு என்ன ஆகப்போகிறது என்று தெரியாது. ரேவுக்குப் போகிறவன் தன்னை மறக்கவே போகிறான். தெரிந்தே மயங்குகிறவனிடம் மயக்கத்தின் நாடகம் பாதியாகிவிடுகிறது.

நம் மேடையின் பார்ட்டி வீடு

தெலுங்கு, தமிழ் மேடைகளில் இளைஞர் கூத்தடிக்கும் இடம் நெடுங்காலம் ஒன்றுதான்: தாசி வீடு. குரஜாட அப்பாராவின் 'கன்யாசுல்கம்' 1892-இல் விஜயநகரத்தில் மேடையேறியது. தாசி மதுரவாணியின் வீட்டில் சீட்டாட்டம் நடக்கிறது, சுருட்டுப் புகைகிறது, ஊர்ப் பெரியவர்கள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் வந்துபோகிறார்கள். நாலு இங்கிலீஷ் வார்த்தையை வைத்துக்கொண்டு பிழைக்கும் கிரீசம், இன்றைய காலேஜ் ஹாஸ்டலில் அறைக்கு ஒருவனாக இருப்பவன். இந்த நாடகத்தில் கதையை நகர்த்துவதே வேடம்தான். பையன் ஒருவனுக்குப் பெண்வேடம் போட்டுக் கிழவனுக்குக் கட்டிவைக்கிறார்கள். மதுரவாணி கடைசியில் ஆண்வேடத்தில் வருகிறாள். 1955-இல் பி. புல்லய்யா இதைப் படமாக்கியபோது கிரீசமாக என்.டி. ராமாராவும் மதுரவாணியாக சாவித்திரியும் நடித்தார்கள். அந்த வீட்டுக்கு வருகிற ஆண்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு முகமூடியோடு வர, எல்லாரையும் முகமூடி இல்லாமல் பார்த்தவள் அந்த வீட்டுக்காரி ஒருத்திதான். குரஜாடவின் மேதைமை அது.

காள்ளகூரி நாராயணராவின் 'சிந்தாமணி'யும் தாசி வீட்டு நாடகம்தான். 1956-இல் பானுமதி நடித்துத் தெலுங்கில் படமானது. ஊர்த் திருவிழாக்களில் நூறாண்டாக ஆடப்பட்டுவந்த அந்த நாடகத்தை 2022 ஜனவரியில் ஆந்திர அரசு தடைசெய்தது. சுப்பிசெட்டி என்ற பாத்திரம் தங்கள் சமூகத்தை இழிவுபடுத்துகிறது என்று ஆரிய வைசியர்கள் சொன்ன புகார்தான் காரணம். கொண்டாட்டத்தில் யாரை யார் கேலி செய்யலாம் என்ற கேள்வி மேடையில் இன்னும் தீரவில்லை.

திருப்பதிக்குப் பக்கத்துச் சித்தூருக்கு இந்த வரலாற்றில் சொந்தமாக ஒரு பக்கம் உண்டு. குண்டூர் ஜில்லா ரேபல்லையில் பிறந்த நாகையாவுக்குச் 'சித்தூர்' என்ற முன்பெயரைக் கொடுத்தது இந்த ஊரின் ராமவிலாச சபா மேடை. 'அசோக்குமார்', 'மீரா' படங்களில் அவரைப் பார்த்த தமிழர்களுக்கு அவர் சாந்தமான அரசர். அவருடைய முதல் படமான 'கிருஹலக்ஷ்மி' (1938) வேறு ரகம். சோமராஜு ராமானுஜராவின் 'ரங்கூன் ரவுடி' நாடகத்தைத் தழுவி எச்.எம். ரெட்டி எடுத்த படம். குடும்பஸ்தனான டாக்டர் ஒருவர் நாட்டியக்காரியின் மயக்கத்தில் குடித்துக் கெடுகிறார்; மனைவி தெருவுக்கு வருகிறாள். காஞ்சனமாலா ஆட்டக்காரி, கண்ணாம்பா மனைவி. நாகையாவோ மனைவியின் அண்ணன், சீர்திருத்தக்காரர். கள்ளை விடச் சொல்லிப் பாடுகிறார். ராஜாஜி மந்திரிசபை 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு சித்தூர் ஜில்லாவுக்கு வந்ததும் அதே 1938-இல்தான். சித்தூர்க்காரர்கள் திரையில் கேட்ட பாட்டு, சில மாதத்தில் சர்க்கார் உத்தரவாக ஊருக்குள் வந்தது.

இந்தப் படங்களின் ஒழுக்கம் நேர்கோடு: கொண்டாட்டம் கெடுக்கும், குடும்பம் காக்கும், பழி ஆடுகிறவளுக்கு. 1947-இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது. சமூகத்தில் தாசி வீடு மறைய, சினிமாவில் அதே வேலையை கிளப்பும் பிறந்தநாள் பார்ட்டியும் எடுத்துக்கொண்டன. 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தை அடங்காப்பிடாரியோடு ஒப்பிடுகிறவர்கள் உண்டு. ஒப்பீடு தளர்வானதுதான். ஆனாலும் பட்டணத்துப் பெண்ணின் ஹிப்பி ஆட்டத்துக்கு எதிராக, கிராமத்து நாயகன் மூக்கையன் உருமி மேளத்தோடு ஆளைத் திரட்டி வருகிற இடத்தில் இரண்டு கொண்டாட்டங்கள் நேருக்கு நேர் மோதுகின்றன. ஜெயிக்கப்போவது எது என்று தியேட்டருக்கு முன்கூட்டியே தெரியும்.

ஹோலிக்குள் நுழைந்த ரோமியோ

வேடத்தைச் சந்தேகப்படாமல் ரசித்த தமிழ்ப் படம் 'கன்னியின் காதலி' (1949). கே. ராம்நாத் இயக்கியது, பன்னிரண்டாம் இரவின் தழுவல். ஆணாக வேடமிட்ட பெண்ணின் கதை. கண்ணதாசன் பாட்டெழுதத் தொடங்கியதும் இந்தப் படத்தில்தான்.

இந்தி சினிமா ரோமியோவின் விருந்துக்கு நல்ல வாசல்களைக் கண்டுபிடித்தது. 'கயாமத் சே கயாமத் தக்' (1988) நாயகன் பகையாளி வீட்டுப் பெண்ணின் பிறந்தநாள் விருந்துக்குள் அழையாமல் நுழைகிறான். சஞ்சய் லீலா பன்சாலியின் 'ராம்-லீலா' (2013) இன்னும் கெட்டிக்காரத்தனம்: நுழைவு ஹோலி அன்று. முகமெல்லாம் கலர்ப்பொடி, தனியாக முகமூடி தேவையே இல்லை. வெரோனாவின் சடங்குக்கு குஜராத்தின் சடங்கு நேராகப் பொருந்திவிட்டது. விஷால் பரத்வாஜின் 'ஓம்காரா' (2006) காஸியோவைக் கல்லூரிப் பையன்களின் தலைவன் கேசுவாக்கி, உத்தரப்பிரதேசத்து அரசியல் கும்பலின் கொண்டாட்ட ராத்திரியில் குடிக்கவைத்தது. 'பீடி' பாட்டுக்கு ஊரே ஆடியது. அந்த ஆட்டத்துக்கு அடியில் ஒருவன் இன்னொருவனுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான். ஷரத் கட்டாரியாவின் '10எம்எல் லவ்' (2012) கோடைக்கனவை மும்பையில் ஒரு கல்யாணத்துக்கு முந்தின இரவில் வைத்தது. கல்யாண வீட்டு இரவில் யார் எங்கே தூங்குகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடுகிறது. உள்ளூரில் ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு ராத்திரியைக் கண்டுபிடித்த படம் நிற்கிறது. வாடகைக்கு ஒரு பார்ட்டியைக் கொண்டுவந்து இறக்கிய படம், பாட்டு முடிந்ததும் கலைந்துவிடுகிறது. முதல் வகைக்கு உச்ச உதாரணம் ஜெயராஜின் 'களியாட்டம்' (1997). ஒதெல்லோவைக் கேரளத்துத் தெய்யக்காரனாக்கினார். அணிந்த நேரம் தெய்வம், அவிழ்த்தால் ஒடுக்கப்பட்ட சாதிக்காரன். ஷேக்ஸ்பியர் நிறத்தில் வைத்த காயத்தை ஜெயராஜ் வேடத்தில் வைத்தார். சுரேஷ் கோபிக்குச் சிறந்த நடிகர், ஜெயராஜுக்குச் சிறந்த இயக்குநர் என்று இரண்டு தேசிய விருதுகள்.

காத்திருக்கும் தெரு

திருப்பதித் தெருவுக்குத் திரும்புவோம். கங்கம்மா கதையே முழு நாடகம்தான். பெண்களைச் சூறையாடிய பாளையக்காரன் ஒருவன். அவனைத் தேடிக் கங்கம்மா வேடம் மேல் வேடம் மாற்றித் தெருத்தெருவாக அலைகிறாள். பைராகி, பண்டா, தோட்டி. அவன் ஒளிந்துகொள்கிறான். 'தொர' என்ற துரை வேடத்தில் அவள் வந்ததும், பெரியமனிதர் வந்திருக்கிறார் என்று மரியாதை செய்ய வெளியே வருகிறான். தலை போகிறது. அதற்குப் பிறகு, மாதங்கி வேடத்தில் போய் அவனுடைய மனைவிக்கு அவளே ஆறுதல் சொல்கிறாள். கைகால குடும்பத்தார் இந்த வேடங்களை வழிவழியாகக் கட்டுகிறார்கள். வேண்டுதல்காரர்கள் தங்களுக்கு இயன்றதைக் கட்டுகிறார்கள். இந்த ஒரு வாரத்தில் ஆண்களுக்கு என்ன நேர்கிறது என்று ஆராய்ந்த ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர், 2013-இல் வந்த தம் புத்தகத்துக்கு 'உலகம் பெண்ணாகும்போது' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். தெலுங்குப் பஞ்சாங்கம் சாந்திரமானம். இந்த ஜாத்திரை மட்டும் தமிழரின் சௌரமானச் சித்திரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1953 வரை சென்னையோடு இருந்த சித்தூர் ஜில்லாவின் ஞாபகம் அதிலும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

சித்தூர்ப் பக்கத்துப் பாரதக் கூத்தும் இதற்கு அக்கம்பக்கம்தான். திரௌபதி அம்மன், தர்மராஜா கோயில்களில் பதினெட்டு நாள் பாரதம். பகலில் கதை, ராத்திரியில் கூத்து, கடைசியில் மண்ணால் செய்து படுக்கவைத்த துரியோதனன், அப்புறம் தீமிதி. விராட பர்வத்து ராத்திரியில் கீசகன் குடித்துவிட்டு வருவான். இருட்டில் பெண்ணென்று நினைத்துத் தொடுவது பீமனை. பந்தலுக்குப் பின்னால் பைக்கில் சாய்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருக்கும் பையன்கள்கூட அந்த இடத்துக்கு எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். இங்கிருந்து கொஞ்ச தூரத்திலுள்ள வேலூரைச் சேர்ந்த நடராஜ முதலியார், தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்துக்கு எடுத்துக்கொண்டதும் கீசக வதத்தைத்தான்.

'புஷ்பா 2' (2024) இந்த ஜாத்திரையை நாடறியச் செய்தது. புடவை கட்டி, நீலம் பூசி அல்லு அர்ஜுன் ஆடிய ஆட்டத்துக்கு விசில் பறந்தது. சித்தூர்ப் பேச்சு வழக்கு திரையில் மானத்தோடு ஒலித்ததில் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் இயக்குநர் சுகுமாரின் நாயகன் புடவை கட்டியதால் மாறவில்லை. இன்னும் பெரிய நாயகனாகிறான், அவ்வளவுதான். துரையை வணங்க வெளியே வந்து தலையைக் கொடுத்தவனின் கதை அங்கே இல்லை. அவன் மனைவிக்குச் சொன்ன ஆறுதலும் இல்லை.

கொண்டாட்டப் படங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. ராத்திரியை எடுக்கிறார்கள், விடியலை விட்டுவிடுகிறார்கள். ரோமியோவின் விருந்துக்குப் பின்னால் கல்லறை இருக்கிறது. காஸியோ தெளிந்து எழும்போது வேலையும் மானமும் போயிருக்கின்றன. காட்டில் விழித்த காதலர்களுக்கு யாரைக் காதலித்தோம் என்பதே குழப்பம். நாடகாசிரியன் விருந்து வைத்ததே மறுநாள் காலைக்காக.

ஜாத்திரைக்கு அது தெரியும். கடைசி நாள் விடியற்காலையில் கோயில் முன்னால் அம்மனுக்கு மண்ணால் பெரிய முகம் செய்கிறார்கள். விடிந்ததும் அதை உடைக்கிறார்கள். அத்தனை நேரம் காத்திருந்த கூட்டம் அந்த மண்ணில் ஒரு பிடிக்காக முண்டியடிக்கிறது. கிடைத்ததை முந்தானையில் முடிந்துகொண்டு அம்மாக்கள் வீட்டுக்கு நடக்கிறார்கள். பின்னால், வளையலைக் கழற்றிக்கொண்டே, கண்ணில் பாதி மையோடு, பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட பையன். நம் ரோமியோ படத்தை அவனிடமிருந்து தொடங்கலாம்.